தட்டிப் போட்ட ஊசி

வலியைப் போக்கத்தான் ஊசியே பிறந்தது. 1844 ஜூன் மாதம் டப்ளின் நகரத்து மீத் மருத்துவமனையில், முக நரம்பு வலியால் துடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு பிரான்சிஸ் ரிண்ட் என்ற மருத்துவர் தோலில் துளையிட்டு மார்ஃபீன் கரைசலை உள்ளே இறக்கினார். அவருடைய கருவியில் அழுத்தித் தள்ளும் தண்டு கிடையாது. மருந்து தன் கனத்திலேயே உள்ளே இறங்கியது. அந்தப் பெண் அன்றிரவு நன்றாகத் தூங்கினாள் என்று ரிண்ட் எழுதிவைத்தார். துளையிட்டதால் வந்த வலி மட்டும் மிச்சம், அதுவும் லேசானதுதான் என்றும் சொல்லியிருக்கிறார். லேசானது என்று சொன்னவர் குத்தியவர். குத்துப்பட்டவர் என்ன சொன்னார் என்பதற்குக் குறிப்பு ஏதும் இல்லை.

ஒன்பது ஆண்டு கழித்து, 1853-ல், எடின்பரோவில் அலெக்சாண்டர் உட் கண்ணாடிக் குழாயும் தண்டும் கொண்ட சிரிஞ்சால் இதே நரம்பு வலிக்கு மார்ஃபீன் போட்டார். அதே ஆண்டு பிரான்ஸின் லியோன் நகரில் சார்ல் பிரவாஸ் வெள்ளியில் ஒரு சிரிஞ்ச் செய்து ரத்தக்குழாய் வீக்கத்துக்குப் பயன்படுத்திப் பார்த்தார். வலிக்கும் இடத்திலேயே குத்தினால்தான் மருந்து வேலை செய்யும் என்று உட் நம்பினார். லண்டனின் சார்ல்ஸ் ஹண்டர்தான் எங்கே குத்தினாலும் மருந்து உடம்பு முழுக்கப் போகும் என்று காட்டினார். ஊசி போடும் இடத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற சுதந்திரம் அங்கே பிறந்தது. எந்த இடத்தில் குத்தினால் குறைவாக வலிக்கும் என்ற கேள்வியும் அப்போதே பிறந்திருக்க வேண்டும். அது பிறக்க இன்னும் நூறு வருஷம் ஆயிற்று.

ஏன் அவ்வளவு தாமதம் என்பதற்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. ஊசி வலியைக் குறைப்பது பற்றி யோசித்தவர்கள் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே யோசித்தார்கள். குழந்தை அழும், உதைக்கும், தாய் பதறுவாள். ஏதாவது செய்துதான் ஆகவேண்டும். பெரியவர் அழமாட்டார். மயிலாப்பூரிலோ தி. நகரிலோ எந்தக் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தாலும் ஊசி அறைத் திரைக்குப் பின்னால் போகும் ஐம்பது வயதுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வருவார். சிஸ்டர் கேட்டால் "பரவாயில்லம்மா" என்பார். அந்தப் பரவாயில்லைதான் இந்தத் துறையை இவ்வளவு காலம் தூங்க வைத்தது.

சென்னைக்கு இந்தக் கதையில் நல்ல பங்கு உண்டு. 1871-ல் மதராஸ் அரசுப் பொது மருத்துவமனையில் தொடங்கிய பயிற்சிதான் இந்தியாவின் முதல் நர்ஸிங் பள்ளி என்று நர்ஸிங் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. 1926-ல் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டமும் மதராஸ் மாகாணத்தில் வந்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஊசி டாக்டர் கையில்தான் இருந்தது. பெனிசிலின் வந்த பிறகு, சில மணி நேரத்துக்கு ஒரு ஊசி என்று வார்டு முழுவதும் போடவேண்டி வந்தபோது, சிரிஞ்ச் மெல்ல நர்ஸ் கைக்கு மாறியது. வலியைக் குறைக்கும் வித்தைகளை நர்ஸுகள் கண்டுபிடித்ததற்குக் காரணம் அதுதான். நாளுக்கு ஒரு ஊசி போடுகிறவருக்கு வலி ஒரு செய்தி. நாளுக்கு அறுபது போடுகிறவருக்கு அது அறுபது முகம்.

அந்த நாளைய ஊசியின் நிலைமையையும் சொல்ல வேண்டும். கண்ணாடி சிரிஞ்சும் எஃகு நீடிலும் ஸ்டெரிலைசரில் கொதிக்கும். அடைத்துக்கொண்ட நீடிலுக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்தி எடுப்பார்கள். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவார்கள். ஒரே நீடில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கும். மழுங்கிய முனை தோலை வெட்டாது, கிழிக்கும். வலிக்கு முதல் காரணம் மருந்தோ இடமோ அல்ல, கூர் போன நீடில்தான். இது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் அதைத் தீர்க்க வலி போதவில்லை, பயம் தேவைப்பட்டது.

பயம் 1986-ல் வந்தது. மதராஸ் மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் திரட்டிய ரத்த மாதிரிகளில், இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் உறுதியாயின. வேலூர் சி.எம்.சி.யில்தான் அந்தச் சோதனை நடந்தது. அந்தச் செய்திக்குப் பின் வந்த ஆண்டுகளில், "புது ஊசியா சிஸ்டர்?" என்று கேட்காத சென்னைக்காரர் கிடையாது. கொதிக்கும் கண்ணாடி சிரிஞ்சுகள் பெட்டிக்குள் போயின. ஒரு தடவை போட்டுவிட்டு எறியும் டிஸ்போவான் சிரிஞ்ச் மெடிக்கல் ஷாப் கண்ணாடிக்குள் வரிசையாக நின்றது. கிருமிக்குப் பயந்து வாங்கினோம், கூடவே கூர்மையும் வந்து சேர்ந்தது. புது நீடிலின் முனை மூன்று பக்கமாகச் சீவியிருக்கும், மேலே சிலிக்கோன் பூச்சு இருக்கும். பெரியவர்களின் ஊசி வலியை ஒரே அடியில் அதிகம் குறைத்தது இந்த மாற்றம்தான் என்பது என் கணிப்பு. வலியைக் குறைப்பதற்காக யாரும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

நீடிலுக்கு ஓர் எண் உண்டு. எண் ஏற ஏற நீடில் மெலியும்: பழைய இரும்புக் கம்பி வியாபாரத்தின் கணக்கு அப்படியே மருத்துவத்துக்கு வந்துவிட்டது. 21-ம் எண் நீடில் 0.8 மில்லிமீட்டர் தடிமன், 23 என்றால் 0.6, 26 என்றால் 0.45. இன்சுலின் பேனாவில் மாட்டும் 32-ம் எண் நீடில் 0.23 தான், நீளம் 4 மில்லிமீட்டர். பார்ப்பதற்கே ஒன்றுமில்லாதது போல இருக்கும். எல்லா மருந்தையும் அதில் போட முடியாதா என்றால் முடியாது. எண்ணெய்ப் பசையான மருந்தும், பால் போல் கெட்டியான மருந்தும் அதற்குள் நகராது. அடைத்துக்கொண்ட மெல்லிய நீடிலால் இரண்டாம் முறை குத்துவதைவிடத் தடித்ததால் ஒரு முறை குத்துவது மேல்.

நாய்க்கடி ஊசியை விட்டுவிட்டு இந்த ஊரின் ஊசிப் பயத்தைப் பேச முடியாது. குன்னூர் பாஸ்டர் நிறுவனம் தயாரித்த பழைய வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து ஆட்டு மூளையிலிருந்து எடுத்தது. அதை வயிற்றுத் தோலுக்கடியில் 10 முதல் 14 நாள் வரை தினம் ஒன்றாகப் போடுவார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பது ஒரு தலைமுறையைத் தெருநாயிடமிருந்து தள்ளி நிற்க வைத்தது. அந்த மருந்தை 2004 கடைசியோடு இந்தியா நிறுத்திவிட்டது. இப்போது கையில் நாலைந்து முறை போடுவதோடு சரி. ஆனாலும் தொப்புள் கதை சாகவில்லை. கடிபட்டுவிட்டு ஊசிக்குப் பயந்து வீட்டில் மஞ்சள் வைத்துக் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உயிரைக் கொல்லும் பயம்.

சென்னை சேத்துப்பட்டில் நடந்தது வேறு வகை. 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் மருந்து மையத்தைத் தொடங்கின. சானடோரியத்தில் படுக்க வைத்துத் தரும் அதே மருந்தை வீட்டிலிருந்தே சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு உலகத்தையே மாற்றியது. வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அது மாத்திரைக் கதை. அடுத்து வந்ததுதான் நமக்கு வேண்டிய கதை. தினம் மாத்திரை சாப்பிடச் சொன்னால் ஆள் நிறுத்திவிடுகிறார். ஆகவே வாரத்துக்கு 2 நாள் நோயாளி மையத்துக்கே வரட்டும், நம் கண் முன்னால் ஐசோனியாசிட் மாத்திரையும் ஒரு கிராம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கொடுப்போம் என்று ஒரு முறையை வகுத்துச் சோதித்தார்கள். 1964-ல் அது வெற்றி என்று அறிவித்தார்கள். பின்னாளில் உலகம் முழுதும் பரவிய கண்காணிப்பு சிகிச்சைக்கு வேர் இந்தச் சேத்துப்பட்டில் இருக்கிறது.

இப்போது கணக்குப் போடுங்கள். வாரம் 2, வருஷம் 52 வாரம். 104 ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின் தசையில் வலிக்கும் மருந்து, போட்ட இடம் கல்லு மாதிரி கட்டிக்கொள்ளும். ரிக்ஷா இழுக்கிறவரும், வீட்டு வேலை செய்கிறவரும், கூலி விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்று அதை 104 தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வலியை அன்றைக்கு யார் எப்படிக் குறைத்தார்கள் என்பது ஆய்வுக் கட்டுரைகளில் வராத விஷயம். ஆனால் ஒன்று தெளிவு: பெரியவர்களின் ஊசி வலி மரியாதை சார்ந்த சமாசாரம் மட்டுமல்ல. ஐம்பதாவது ஊசியோடு ஒருவர் வராமல் நின்றுவிட்டால் மருந்து தோற்கும், நோய் திரும்பும், மருந்துக்கு மசியாத கிருமியும் பிறக்கும். இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலுக்கு 3 வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சதீன் பெனிசிலினும் இப்படித்தான். பெனிட்யூர் என்று சொன்னால் தெரிந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். 12 லட்சம் யூனிட், வெள்ளையாக, கெட்டியாக. பள்ளிக்கூட நாளில் தொடங்கி நாற்பது வயது வரைகூடப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்கள் எந்த சிஸ்டர் டியூட்டியில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு வருவார்கள்.

அந்த "எந்த சிஸ்டர்" என்பதில்தான் முழு ரகசியமும் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே நீடில், ஒரே இடுப்பு; ஒருவர் போட்டால் நொண்டிக்கொண்டு போகிறோம், இன்னொருவர் போட்டால் "போட்டாச்சா?" என்று கேட்கிறோம். கைராசி என்பார்கள். ராசி இல்லை அது, வரிசையாகச் சில செயல்கள். அவற்றில் ஒன்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது: ஊசி இறங்குவதற்கு முன் இடுப்பில் பட்டென்று ஒரு தட்டு. கம்பவுண்டர் காலத்திலிருந்து பார்த்திருக்கிறோம். ஏன் தட்டுகிறார் என்று கேட்டால் தசை இளகும் என்பார், அல்லது கவனம் மாறும் என்பார். பல பேருக்கு பதிலே தெரியாது, அவரை விட மூத்தவர் தட்டினார், அவரும் தட்டினார்.

பதில் 1965-ல் வந்தது. கனடாவின் உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக், பிரிட்டனின் நரம்பியலாளர் பேட்ரிக் வால் இருவரும் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாக அவர்கள் சொன்னார்கள். தொடுதல், தட்டுதல், அதிர்வு ஆகியவற்றைத் தடித்த நரம்பு இழைகள் வேகமாகச் சுமந்து வருகின்றன. குத்தும் வலியையும் எரியும் வலியையும் மெல்லிய இழைகள் மெதுவாகச் சுமந்து வருகின்றன. தடித்த இழைகளின் செய்தி நிரம்பி வரும்போது கதவு பாதி சாத்திக்கொள்ளும், வலியின் செய்தி மூளைக்கு முழுதாகப் போய்ச் சேராது. மூளையும் மேலிருந்து அந்தக் கதவைத் திறக்கவோ மூடவோ முடியும். அதனால்தான் பயந்தவருக்கு அதிகம் வலிக்கிறது, பேச்சில் மூழ்கியவருக்குக் குறைவாக வலிக்கிறது. பின்னால் வந்தவர்கள் இந்தக் கோட்பாட்டின் உள் அமைப்பில் பல திருத்தங்கள் செய்தார்கள். அடிப்படை நிலைத்துவிட்டது. அடிபட்ட முழங்காலை நாம் ஏன் தேய்த்துக்கொள்கிறோம் என்பதற்கும் அதுவே பதில்.

இந்தக் கோட்பாட்டையும் ஊசி அறையையும் சேர்த்து வைக்க இன்னும் முப்பது வருஷம் பிடித்தது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம். 1996-ல் அமெரிக்காவில் நர்ஸிங் ஆய்வாளர்கள் ஊசி போடுமிடத்தைக் கட்டைவிரலால் 10 விநாடி அழுத்திவிட்டுப் போட்டார்கள், வலி குறைந்தது. 2002-ல் ஹாங்காங் ஆய்வாளர்களும் தடுப்பூசி போட்டுக்கொண்ட மாணவர்களிடம் இதையே செய்து பார்த்தார்கள். இடையில் 2000-ல் ஹெல்ஃபர் என்ற அமெரிக்க நர்ஸ் நர்ஸிங் ஆசிரியர்களுக்கான இதழில் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். அதுதான் நம் ஊர்த் தட்டுக்குப் பெயர் வைத்த நிகழ்ச்சி. ஹெல்ஃபர் ஸ்கின் டேப் என்று இன்று தமிழ்நாட்டின் நர்ஸிங் கல்லூரிகளில் சொல்கிறார்கள்.

நம் கம்பவுண்டர் தட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் ஒரே தட்டு, அதுவும் பலமாக. ஆள் திடுக்கிட்டுத் தசையை இறுக்கிக்கொள்வார், கெடுதல்தான். ஹெல்ஃபர் முறையில் விரல்களின் உட்புறத்தால் அந்தத் தசையின் மேல் சுமார் 16 முறை மென்மையாகத் தட்ட வேண்டும். பிறகு மற்றக் கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே தட்டி, மூன்றாவது தட்டோடு நீடில் உள்ளே போக வேண்டும். மருந்து இறங்கும்போதும் தட்டல் நிற்கக் கூடாது. வெளியே எடுக்கும்போதும் அதே எண்ணிக்கை. சொல்வது எளிது. ஒரு கையில் திறந்த நீடிலை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் தாளம் தப்பாமல் தட்டுவதற்குப் பழக்கம் வேண்டும், இல்லையென்றால் சிஸ்டரின் விரலில்தான் முதல் ஊசி.

அந்தக் குறிப்பு வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டது நம் ஊர்தான். கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. நர்ஸிங் ஆய்வேடுகளைப் புரட்டினால் ஸ்கின் டேப், கட்டைவிரல் அழுத்தம், ஐஸ் ஒத்தடம், பேச்சுக் கொடுத்துக் கவனம் மாற்றுதல் என்று ஊசி வலி பற்றியவை திரும்பத் திரும்ப வரும். ஒரு குழுவுக்கு வழக்கமான ஊசி, ஒரு குழுவுக்குத் தட்டிப் போட்ட ஊசி, பிறகு 0 முதல் 10 வரை எவ்வளவு வலித்தது என்று கேள்வி. தட்டிப் போட்டால் வலி குறைவு என்றே பெரும்பாலும் முடிவு வரும். நான் இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்வேன். குழு சிறியது. தட்டுகிறவருக்குத் தான் தட்டுகிறோம் என்று தெரியும், பட்டவருக்கும் தெரியும். இதமாக நடந்துகொண்ட சிஸ்டரே வந்து எவ்வளவு வலித்தது என்று கேட்டால் எந்தத் தமிழர் எட்டு என்று சொல்வார்? இரண்டு என்றுதான் சொல்வார். ஆனாலும் கோட்பாடு பொருந்துகிறது, பல நாட்டு முடிவுகள் ஒரே திசையில் போகின்றன, செலவு ஒரு பைசா கிடையாது. இப்படிப்பட்ட ஒன்றுக்கு நான் மேலும் சாட்சி கேட்கமாட்டேன். என் ஆதங்கம் வேறு: ஆய்வேடு சமர்ப்பித்துப் பட்டம் வாங்கியவர் வார்டுக்குப் போன பிறகு அங்கே ஒரு டியூட்டிக்குள் முடிக்க வேண்டிய ஊசிகளின் பட்டியல் இருக்கிறது. தட்டுவதற்குத் தேவையான அரை நிமிடம் அந்தப் பட்டியலில் இல்லை.

இடத்துக்கு வருவோம். நம் ஊரில் இடுப்பு ஊசி என்பது உண்மையில் பின்பக்க மேற்பகுதி. அதன் உள்ளே சயாட்டிக் நரம்பு போகிறது. இடம் தப்பினால் காலே மரத்துவிடும். சுவிட்சர்லாந்தின் உடற்கூற்றியலாளர் ஃபான் ஹோக்ஸ்டெட்டர் 1950-களில் இன்னோர் இடம் காட்டினார். இடுப்பின் பக்கவாட்டில், தொடை எலும்பின் மேல் முட்டில் உள்ளங்கையை வைத்து, ஆள்காட்டி விரலை முன் இடுப்பெலும்பின் நுனிக்கும், நடுவிரலை விரித்துப் பின்னோக்கி எலும்பு விளிம்புக்கும் நீட்டினால், இரண்டு விரலுக்கும் நடுவே வரும் முக்கோணம். பெரிய நரம்போ ரத்தக்குழாயோ அங்கே இல்லை. நர்ஸிங் புத்தகங்கள் எல்லாம் இதைத்தான் சிபாரிசு செய்கின்றன. தி. நகர் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள், கிடைக்காது. காரணம் அறிவு இல்லாதது அல்ல, அறை இல்லாதது. அந்த இடத்தைச் சரியாக அளக்க ஆள் படுக்க வேண்டும், புடவையைத் தளர்த்த வேண்டும். நம் ஊசி அறை என்பது ஒரு திரை, ஒரு ஸ்டூல், நிற்க இரண்டடி. பெண்கள் சுவரைப் பார்த்து நின்றபடி புடவைக் கொசுவத்தை இரண்டு அங்குலம் இறக்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். நிற்கும்போது பின்பக்கத் தசை முழுக்க இறுகியிருக்கும், இறுகிய தசையில் நுழைவதுதான் அதிக வலி. வலி மருந்தில் இல்லை, திரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இரண்டடியில் இருக்கிறது.

இன்னொரு வித்தை கறையிலிருந்து பிறந்தது. ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு இம்ஃபெரான் என்ற இரும்புச்சத்து ஊசி ஒரு காலத்தில் ஏராளமாகப் போட்டார்கள். மருந்து துளை வழியே பின்னால் கசிந்து தோலில் கறுப்பாகக் கறை பிடித்துவிடும். அதற்காகத் தோலை ஓரங்குலம் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்துக்கொண்டு குத்தி, மருந்து போனபின் 10 விநாடி பொறுத்து நீடிலை எடுத்துவிட்டுத் தோலை விட்டார்கள். துளை கோணலாகி அடைத்துக்கொள்ளும், மருந்து தசையிலேயே தங்கும். பெயர் இசட்-டிராக். கறைக்காக வந்த முறை வலிக்கும் பலன் தந்தது. தோலுக்கடியில் கசிந்து எரிகிற வேலை நின்றுவிடுகிறதே. 1986-ல் அமெரிக்காவில் இதை ஆய்வு செய்தும் பார்த்தார்கள். இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச்சத்தை ரத்தக்குழாய் வழியாக டிரிப்ஸில் ஏற்றுகிறார்கள், இம்ஃபெரான் மறந்துபோனது, அது விட்டுச்சென்ற வித்தை எல்லா எண்ணெய் மருந்துக்கும் நிற்கிறது.

மீதி விஷயங்கள் சின்னவை. ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்த வேண்டும், ஈரத்தோடு குத்தினால் எரியும். குப்பியிலிருந்து மருந்தை எடுத்த நீடிலை மாற்றிவிட்டுப் புதிதால் போட வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை, பெனிசிலினைக் கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். நுழைவது வேகமாக, மருந்து நிதானமாக. தோலை மரக்க வைக்கும் களிம்பு இருக்கிறது, வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும். திங்கள்கிழமை காலைக் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுவது வீண். அமெரிக்க மருத்துவர் ஏமி பேக்ஸ்டர் குளிரும் அதிர்வும் தரும் பஸ்ஸி என்ற சின்னக் கருவியைக் கொண்டுவந்தார், குழந்தைகளை மனதில் வைத்து. விலை கொடுத்து வாங்குவதற்கு முன் விரல் பத்தும் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றுகிறது.

2015-ல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைப்பது பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. கையில் தடுப்பூசி போடும்போது பிஸ்டனைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், அது வலியைக் கூட்டுகிறது என்றார்கள். பெரியவர்களுக்கு லேசாக இருமுவது, மூச்சைப் பிடிப்பது உதவும் என்றார்கள். இருமல் வித்தையை 2004-ல் ஜெர்மனியில் சோதித்திருந்தார்கள். அறிக்கையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று: பொய்யான ஆறுதல் சொல்லாதீர்கள், வலிக்கவே வலிக்காது என்று சொல்லாதீர்கள், நடுநிலையாக "இப்போ போடப் போறேன்" என்று சொன்னால் போதும். நம் சிஸ்டர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் "எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும், அவ்வளவுதான்" இதில் எந்தக் கணக்கில் வரும்? டி.டி. ஊசிக்கு அது உண்மை. பெனிட்யூருக்கு அது பொய். நோயாளிக்கு அது இரண்டாவது தடவையிலேயே தெரிந்துவிடும், அதன்பின் சிஸ்டர் எது சொன்னாலும் நம்பமாட்டார், தசையும் இறுகும். "இது கொஞ்சம் வலிக்கிற மருந்துதான் ஐயா, மெதுவா போடறேன், காலைத் தளர்த்திக்கோங்க" என்று சொன்னால் யாரும் எழுந்து ஓடிவிடப் போவதில்லை.

அடுத்த முறை ஊசி அறைக்குப் போகும்போது கேட்க வேண்டியதைக் கேளுங்கள். படுக்க இடமிருந்தால் குப்புறப் படுத்து இரண்டு கால் கட்டைவிரலையும் உள்பக்கமாகத் திருப்பிக்கொள்ளுங்கள், பின்பக்கத் தசை தானாகத் தளரும். நின்றுதான் ஆகவேண்டும் என்றால் உடம்பின் பாரத்தை மற்றக் காலில் போடுங்கள். கையில் என்றால் தோளைத் தொங்கவிடுங்கள், சட்டைக் கையை இறுக்கமாகச் சுருட்டாதீர்கள். முன்பு ஊசி போட்டபோது மயக்கம் வந்திருந்தால் வெட்கப்படாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். தினம் இன்சுலின் போடுகிறவர்கள் ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிப் போடுங்கள், ஒரே நீடிலை வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். சிஸ்டர் சிரிஞ்சை எடுக்கும்போது, "கொஞ்சம் தட்டிப் போடுங்க சிஸ்டர்" என்று சொல்லுங்கள். அவருக்குத் தெரியும், கல்லூரியில் படித்திருக்கிறார்.